பாட்டு டீச்சர் ஆகணுமா? ஃபைலைக் கொண்டா, பார்ப்போம்

மே மாசம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுவாரம், சாணார்பட்டியில எங்க வீட்டுத் திண்ணைக்கு யாராவது ஒரு அம்மா பொண்ணைக் கூட்டிட்டு வந்துடுவாங்க. கோபால்பட்டியில இருந்து வருவாங்க, நத்தம் பக்கமிருந்து வருவாங்க. "இவளுக்கு நல்லா பாட வருதுங்க. திருவிழாவுல மைக்கைப் பிடிச்சா ஊரே நின்னு கேக்குது. மியூசிக் படிக்க வெச்சு கவர்மென்ட் டீச்சர் ஆக்கிடலாம்னு பாக்குறோம்." பொண்ணு பாடச் சொல்வாங்கன்னு தொண்டையைச் சரி பண்ணிட்டு உக்காந்திருக்கும். நான் கேக்குற முதல் கேள்வி, "பத்தாவது மார்க் ஷீட்ல உன் இனிஷியல் என்ன போட்டிருக்கு?"

சிரிக்காதே. பாட்டு வராம வேலை கிடைக்காதவங்களை நான் கொஞ்சம் பேரைத்தான் பார்த்திருக்கேன். பாட்டு நல்லா வந்தும், காகிதம் சரியில்லாம நின்னவங்கதான் நிறைய. அதனால நீ பாடுறதுக்கு முன்னாடி நான் சொல்றதைக் கேளு. உனக்கு நேரமில்லைன்னு தெரியும், பஸ்ஸுல போகும்போது படி.

1. வேலையில இருந்து பின்னாடி நடந்து வா

எல்லாரும் "எந்தக் காலேஜ் நல்லது?"ன்னு ஆரம்பிக்கிறாங்க. அது தப்பு. எந்த வேலைக்குப் போகப் போறேங்கிறதை முதல்ல முடிவு பண்ணு. ஒவ்வொரு வேலையும் வேற வேற சான்றிதழ் கேக்கும். ஒரு இடத்துல செல்லுறது இன்னொரு இடத்துல செல்லாது.

• அரசுப் பள்ளி இசை ஆசிரியர்: இது "சிறப்பாசிரியர்" பணி. ஆசிரியர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கும். 2017-ல் 1,325 சிறப்பாசிரியர் இடத்துக்கு அறிவிப்பு வந்துச்சு. உடற்கல்விக்கு 663, ஓவியத்துக்கு 327, தையலுக்கு 249. இசைக்கு எவ்வளவு தெரியுமா? 86. தமிழ்நாடு முழுக்கச் சேர்த்து 86. எழுத்துத் தேர்வுக்கு 95 மார்க். நீ எவ்வளவு உருகி உருகிப் பாடினாலும் அந்தத் தாளுக்குக் காது கிடையாது.

• கேந்திரிய வித்யாலயா: காந்திகிராமத்துல இருக்கே, அந்த மாதிரி பள்ளிங்க. தொடக்கநிலை இசை ஆசிரியர்னு பதவி. பிளஸ் டூவுல 50 சதவீதம், கூடவே இசையில இளங்கலைப் பட்டம். இந்தி, இங்கிலீஷ் ரெண்டுலயும் பாடம் நடத்தத் தெரியணும். வயசு வரம்பு 30, சலுகை உள்ளவங்களுக்குத் தளர்வு உண்டு. 2022-ல் வந்த அறிவிப்புல நாடு முழுக்க 303 இடம் இருந்துச்சு. நம்ம பொண்ணுங்க இந்தியைப் பார்த்துப் பயந்து விண்ணப்பமே போடுறதில்லை. எழுதப் படிக்க, வகுப்புல நாலு வாக்கியம் பேசப் பழகிக்கோ. இலக்கணப் புலவர் ஆகச் சொல்லல.

• கல்லூரி விரிவுரையாளர்: முதுகலையில 55 சதவீதம், பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பினருக்கு 50. கூடவே நெட் அல்லது செட் தேர்வு, இல்லைன்னா பிஎச்.டி. நெட்ல இசை தனிப் பாடம், அதோட எண் 16. ரெண்டு தாளும் சேர்த்து 150 கேள்வி, 300 மார்க், மூணு மணி நேரம். தப்புக்கு மார்க் குறைக்க மாட்டாங்க. அதனால ஒரு கேள்வியையும் விடாதே.

• தனியார் பள்ளி: பெரும்பாலும் பட்டமோ டிப்ளமோவோ இருந்தா போதும். ஆண்டு விழாவுக்கு ஒரு நடனப் பாட்டு, வரவேற்புப் பாட்டு தயார் பண்ணத் தெரியுமான்னு கேப்பாங்க. தெரியும்னு சொல்லு.

இந்த நாலுல ஒண்ணைத் தேர்ந்தெடு. ரெண்டு வேணும்னா ரெண்டு. நாலும் வேணும்னு நிக்காதே.

2. டி.டி.சி.யை மறந்துட்டு அழாதே

இந்த ஒரு இடத்துலதான் அதிகமா கோட்டை விடுறீங்க. அரசுப் பள்ளி இசை ஆசிரியர் ஆகணும்னா இசை படிச்சா மட்டும் போதாது. தொழில் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் வேணும். டி.டி.சி.ன்னு சொல்வோமே, அதுதான். அரசுத் தேர்வுத் துறை நடத்துற பயிற்சி, கோடை விடுமுறையில 42 நாள். பாடத்திட்டம் எழுதுறது, வகுப்பு நடத்துறது, பிள்ளைங்க மனசைப் புரிஞ்சுக்கிறதுன்னு சொல்லித் தருவாங்க.

அதுல சேரணும்னா முன்னாடியே கையில ஒரு இசைத் தேர்வுச் சான்றிதழ் இருக்கணும். அதே தேர்வுத் துறை அரசுத் தொழில்நுட்பத் தேர்வுன்னு ஒண்ணு நடத்துது. ஓவியம், தையல் வரிசையில இசையும் இருக்கு. கீழ்நிலை, மேல்நிலைன்னு ரெண்டு படி. பத்தாவது முடிச்ச உடனேயே கீழ்நிலைக்குத் தயாராகலாம். பிளஸ் டூ படிக்கிற ரெண்டு வருஷத்துல இதை முடிச்சவ எவளும் பின்னாடி வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

என் கூடப் படிச்சவ ஒருத்தி எம்.ஏ. வரைக்கும் போனா. வகுப்புல முதல் மார்க். அறிவிப்பு வந்தப்போ அவகிட்ட டி.டி.சி. இல்லை. "நாப்பத்திரண்டு நாள்தானே, எப்ப வேணா போய்க்கலாம்னு இருந்தேன்டி"ன்னு போன்ல அழுதா. அப்ப அவ கையில பிள்ளை, வயித்துல பிள்ளை. எப்ப வேணா போகலாம்னு நினைக்கிறது எப்பவும் நடக்காது. கல்யாணத்துக்கு முன்னாடி வர்ற ஏதாவது ஒரு கோடையில முடிச்சிடு.

"பி.எட். பண்ணிட்டா போதாதா அக்கா?" போதாது. அறிவிப்புல என்ன பேர் போட்டிருக்கோ அந்தச் சான்றிதழ்தான் வேணும். அதுக்குச் சமமான எதையோ படிச்சிருக்கேன்னு வாதாடப் போனா கோர்ட்டு வாசல்ல வயசு போயிடும். விதிமுறையும் மாறிட்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் புது அறிவிப்பை முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் படி. யாரோ வாட்ஸ்அப்ல அனுப்பின சுருக்கத்தை நம்பாதே.

3. எங்கே படிக்கிறது?

சாணார்பட்டியில இருந்து பார்த்தா முதல்ல கண்ணுல படுறது மதுரை பசுமலையில இருக்குற அரசு இசைக் கல்லூரி. இது மாதிரி சென்னை, கோவை, திருவையாறுலயும் அரசுக் கல்லூரிங்க இருக்கு. 2013-ல் இதுக்குன்னே தனிப் பல்கலைக்கழகம் வந்தாச்சு, இப்ப அதோட பேர் தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம். அதுக்கு வேந்தர் ஆளுநர் இல்லை, முதலமைச்சர். பொது அறிவுக் கேள்வியில கேட்டாலும் கேப்பாங்க, ஞாபகம் வெச்சுக்கோ.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல இசைக்குப் பழைய பேர் இருக்கு. அண்ணாமலைச் செட்டியார் 1929-லயே இசைக் கல்லூரி ஆரம்பிச்சிட்டார். பெரிய பாடகர் தண்டபாணி தேசிகர் இருந்த இடம் அது. திருச்சியில கலைக்காவிரி. சென்னையில போய்ப் படிக்கிற வசதி இருந்தா ராணி மேரிக் கல்லூரி. முதுகலைக்கு நம்ம மாவட்டத்துலயே கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்துல இசைத் துறை இருக்கு. குளிருக்குத் தொண்டை கட்டும்னு சொல்லிக்கிட்டு அதை விட்டுடாதே. மஃப்ளர் சுத்திக்கிட்டுப் படி.

பிளஸ் டூவுக்கு முன்னாடியே தொடங்கணும்னா மாவட்ட அரசு இசைப் பள்ளிங்க 17 இருக்கு. கலை பண்பாட்டுத் துறை நடத்துது. குரலிசை, வயலின், மிருதங்கம், பரதம், நாதஸ்வரம், தவில், தேவாரம்னு ஏழு பிரிவு, மூணு வருஷம். வயசு 12-ல் இருந்து 25 வரைக்கும். திண்டுக்கல்லுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கரூர், திருச்சி, சிவகங்கை, விருதுநகர்னு எங்கேயாவது போகணும். எங்க பக்கம் இவ்வளவு குரல் இருந்தும் ஒரு பள்ளி இல்லாதது எனக்குத் தீராத கோபம். அதை இன்னொரு நாள் பேசிக்கிறேன்.

இப்ப முக்கியமான விஷயம். சாணார்பட்டியில இருந்து பசுமலைக்குத் தினமும் போய்ட்டு வந்துடலாம்னு கணக்குப் போடாதே. சாணார்பட்டி டு திண்டுக்கல், திண்டுக்கல் டு ஆரப்பாளையம், அங்கேயிருந்து பெரியார், பெரியார்ல இருந்து பசுமலை. போக வர அஞ்சாறு மணி நேரம் பஸ்ஸுலயே போயிடும். காலையில சாதகம் பண்ற நேரத்துல நீ ஜன்னல் கம்பியில தலையைச் சாய்ச்சுத் தூங்கிட்டு இருப்பே. ஹாஸ்டலோ, சொந்தக்காரங்க வீடோ பாரு. பஸ் பாஸ் மிச்சம்னு அப்பா சொன்னா, பாட்டு நஷ்டம்னு நீ சொல்லு.

4. குரல் தேர்வுக்குப் போகும்போது

• சினிமாப் பாட்டைத் தூக்கிட்டுப் போகாதே. நல்லா பாடுவேன்னு தெரியும். அங்கே அவங்க பார்க்கிறது சுருதி நிக்குதா, தாளம் புரியுதா, சொன்னதைத் திருப்பிச் சொல்ல முடியுதாங்கிறதை. ஒரு தேவாரமோ, ஒரு கீதமோ, முடிஞ்சா ஒரு வர்ணமோ தயார் பண்ணு. ஒண்ணை உருப்படியா பாடினா போதும், அஞ்சை அரைகுறையா பாட வேண்டாம்.

• உன் கட்டை என்னன்னு தெரியாம போகாதே. பொதுவா பொம்பளைப் பிள்ளைங்களுக்கு அஞ்சு கட்டை, ஆம்பளைங்களுக்கு ஒரு கட்டைன்னு சொல்வாங்க. அது பொதுக்கணக்கு. கீழே மந்தர பஞ்சமமும் மேலே தார பஞ்சமமும் கத்தாம, காத்தடிக்காம எந்தக் கட்டையில வருதோ அதுதான் உன் கட்டை. செல்லுல சுருதிப் பெட்டி ஆப் போட்டு ஒரு வாரம் பாடிப் பார்த்தா தெரிஞ்சிடும்.

• தாளம் போடும்போது கையைத் தொடையில ஒளிச்சு வைக்காதே. போன வருஷம் ஒரு பொண்ணுக்குப் பயிற்சி குடுத்தேன். பாட்டு தேன். கை மட்டும் தாவணிக்குள்ள. ஏன்டின்னு கேட்டா, "தப்பா போட்டா தெரிஞ்சிடும்ல அக்கா"ங்கிறா. கை தெரியலைன்னா தாளமே தெரியாதுன்னு எழுதிடுவாங்க.

5. "எனக்குத் தியரி வராது"ன்னு என் முன்னாடி சொல்லாதே

பட்டப் படிப்புல பாதி எழுத்துதான். 72 மேளகர்த்தா, 35 தாளம், ராக லட்சணம், வாக்கேயக்காரர் வரலாறு, பண் முறை, சுரப்படுத்தி எழுதுறது. பி. சாம்பமூர்த்தி எழுதின புத்தகங்களைத் தேடிப் படி. 1932-ல் தொடங்கின சென்னைப் பல்கலைக்கழக இசைத் துறையில அவர் பாடம் நடத்தினவர். இன்னைக்கும் தேர்வுக் கேள்வி பாதி அவர் வகுத்த பாதையிலதான் வருது.

எழுத்துக்கு எண் குடுக்குற கடபயாதி முறையில, தமிழ்ல படிக்கிற பிள்ளைங்க எல்லாரும் வழுக்கி விழுற ஒரு இடம் இருக்கு. ராகப் பேரோட முதல் ரெண்டு எழுத்தை எண்ணாக்கித் திருப்பிப் போட்டா மேளத்தோட எண் வரும். மாயாமாளவகௌளைக்கு மா 5, யா 1. திருப்பினா 15. சரியா வந்துச்சா? இப்ப தீரசங்கராபரணத்துக்குப் போ. "தீ"க்கு எவ்வளவு? வடமொழியில நாலு "த" இருக்கு, 6, 7, 8, 9. தமிழ் எழுத்துல எல்லாமே ஒரே "த". நீ 6 போட்டா 26 வரும், அது வேற ராகம். தீரன்னு சொல்றப்ப வர்ற அழுத்தமான "தீ" கடைசி எண், 9. ர-வுக்கு 2. திருப்பினா 29. அதனால மேளப் பேரை எழுதி மனப்பாடம் பண்ணாதே, உச்சரிச்சு மனப்பாடம் பண்ணு. நோட்டுல ஒவ்வொரு "த", "க", "ப" மேலயும் சின்னதா அது எத்தனாவதுன்னு எண் போட்டு வெச்சுக்கோ. இந்தச் சின்ன வேலை பண்ணாம தேர்வுல மூணு நாலு மார்க்கை வருஷா வருஷம் தானம் பண்றாங்க.

தியரி படிக்க அலுப்பா இருந்தா ஆபிரகாம் பண்டிதரை நினைச்சுக்கோ. 1859-ல் சாம்பவர் வடகரையில பிறந்தவர். ஆசிரியர் பயிற்சிக்கு வந்தது நம்ம திண்டுக்கல்லுக்கு. இங்கேயே வாத்தியார் வேலை பார்த்துக்கிட்டு, சடையாண்டி பத்தர்கிட்ட வயலின் கத்துக்கிட்டார். அப்புறம் 1883-ல் தஞ்சாவூருக்குப் போனார். 1917-ல் "கருணாமிர்த சாகரம்"னு தமிழிசைக்கு மலை மாதிரி ஒரு புத்தகம் போட்டார். ஸ்கூல் வேலையும் பார்த்து, சுருதிக் கணக்கும் போட்ட மனுஷன். நீ பூட்டு வாங்கவும் பிரியாணி சாப்பிடவும் மட்டும் போற அதே திண்டுக்கல்தான்.

6. கீபோர்டு கிளாஸ் சர்டிபிகேட்டைக் காட்டி ஏமாறாதே

சர்ச்சுல வாசிக்கிற பிள்ளைங்க, டவுன்ல கீபோர்டு கிளாஸ் போற பிள்ளைங்க லண்டன் கிரேடு தேர்வு எழுதுறீங்க. டிரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். ரெண்டும் நல்ல தேர்வுதான். ஏ.பி.ஆர்.எஸ்.எம். 1889-ல் தொடங்கினது, அஞ்சாவது கிரேடு தியரி முடிக்காம ஆறாவதுல இருந்து செய்முறைக்கு விடமாட்டாங்க. அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். யாழ்ப்பாணத்துல வட இலங்கை சங்கீத சபையும் இப்படித்தான் தரம் தரமா தேர்வு வெச்சு, கடைசியில ஆசிரியர் தரம் வரைக்கும் கொண்டுபோகும். ஆனா எட்டாவது கிரேடு முடிச்சது பட்டம் ஆகாது. தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளியில மதிப்பாங்க. அரசு அறிவிப்புல அதைத் தேடாதே.

இன்னொண்ணு. கீபோர்டுல டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டி எந்தப் பாட்டையும் ஒரே விரல் இடத்துல வாசிச்சுப் பழகினவங்க, இசைக் கல்லூரியில முதல் மாசம் முழிப்பாங்க. அந்தப் பட்டன்மேல ஒரு ஸ்டிக்கரை ஒட்டு. வாய்ப்பாட்டு எடுக்கிறவங்க துணைக்கு வயலினோ வீணையோ எடுங்க. கமகம் என்னன்னு விரலுக்குத் தெரிஞ்சா தொண்டைக்குத் தானா தெரியும்.

இடது கைப் பழக்கம் உள்ள தம்பிங்க மிருதங்கம் படிக்கத் தயங்குறீங்க. பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர். உங்க மாவட்டத்துக்காரர். போய் உக்காருங்க.

7. வகுப்புல நிக்கத் தெரியணும்

பாடத் தெரிஞ்சவங்க எல்லாருக்கும் சொல்லித் தரத் தெரியாதுன்னு பெரியவங்களுக்கு அன்னைக்கே தெரியும். மியூசிக் அகாடமி 1931-லயே இசை ஆசிரியர் கல்லூரி ஒண்ணைத் தொடங்கினாங்க, டைகர் வரதாச்சாரியார் முதல்வர். அவ்வளவு பெரிய வித்வானைக் கொண்டுவந்து வெச்சது ஆசிரியர்களை உருவாக்க.

என் முதல் வகுப்பைச் சொல்றேன். ஆறாம் வகுப்பு, மதிய சாப்பாடு முடிஞ்ச அடுத்த பீரியட், அம்பத்திரண்டு பிள்ளைங்க. நான் பட்டுப் பாவாடை நாள்ல கத்துக்கிட்ட மாதிரியே சுருதி சேர்த்து, கண்ணை மூடி, சரளி வரிசை ஆரம்பிச்சேன். கண்ணைத் திறந்தா பின்வரிசை தூங்குது. நடுவரிசை கடலை உரிக்குது. முன்வரிசை மட்டும் என்னைப் பாவமா பாக்குது.

மறுநாள் சுருதிப் பெட்டியை பீரோவுல வெச்சுட்டு வெறுங்கையோட போனேன். "என்னடா உரிச்சீங்க நேத்து?" "கடலை டீச்சர்." க-ட-லை. மூணு தட்டு. அதுதான் திஸ்ரம், தகிட. வெளியே என்ன மரம்? பனமரம். ப-ன-ம-ரம், நாலு. சதுஸ்ரம், தகதிமி. ரோட்டோரம்? புளியமரம். பு-ளி-ய-ம-ரம், அஞ்சு. கண்டம். அப்புறம் "கடலை பனமரம்"னு சேர்த்துத் தட்டினா ஏழு, மிஸ்ரம். "பனமரம் புளியமரம்" ஒன்பது, சங்கீர்ணம். அரை மணி நேரத்துல அஞ்சு ஜாதியும் முடிஞ்சுது. தூங்கின பையன்தான் சங்கீர்ணத்தைத் தப்பில்லாம போட்டான். டி.டி.சி.யில மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னா இதையே எடு, நான் ஒண்ணும் உரிமை கேக்க மாட்டேன்.

இன்னும் சில:

• முதல் ரெண்டு வாரம் நோட்டு எழுதச் சொல்லாதே. இசை பீரியடும் எழுத்தாயிட்டா பிள்ளைங்க வெறுத்துடும்.

• உன் கட்டையில பிள்ளைங்களைப் பாட வைக்காதே. அவங்களுக்கு எது சுலபமோ அதுக்கு நீ இறங்கு, இல்லை ஏறு.

• எட்டாவது, ஒன்பதாவது பையனுங்களுக்கு மகரக்கட்டு வரும். குரல் உடையும். வகுப்புல யாரும் சிரிக்க விடாதே, நீயும் சிரிக்காதே. அந்த வருஷம் அவனைத் தாளத்துக்கு மாத்திடு. சிரிச்சா அவன் வாழ்நாள் முழுக்க வாயைத் திறக்க மாட்டான்.

• கர்நாடக சங்கீதம் மட்டும்தான் இசைன்னு முகத்தைத் தூக்காதே. 2022-ல் இருந்து அரசுப் பள்ளியில கலைத் திருவிழா நடக்குது. நாட்டுப்புறப் பாட்டு, பறை எல்லாம் வரும். திண்டுக்கல்லுல சக்தி கலைக்குழு பெண்கள் பறையைத் தூக்கி அடிச்சு நாட்டுக்கே காட்டினவங்க. ரெண்டு அடி நீயும் கத்துக்கோ.

8. சம்பளத்தை மறைக்காம வீட்ல சொல்லு

2012-ல் அரசுப் பள்ளிகள்ல 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தாங்க. இசை, ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி எல்லாம் சேர்த்து. வாரத்துக்கு மூணு அரை நாள், மாசம் 5,000 ரூபாய். அது கொஞ்சம் கொஞ்சமா ஏறி 10,000, அப்புறம் 12,500. நிரந்தரம் பண்ணுங்கன்னு அவங்க போராடிக்கிட்டே இருக்காங்க. அதுல எனக்குத் தெரிஞ்சவங்க காலையில பள்ளி, சாயங்காலம் வீட்டுல வகுப்பு, ராத்திரி தையல் மெஷின்.

பயமுறுத்தச் சொல்லல. 86 இடத்தை நம்பி வீட்டுல கையைக் கட்டிட்டு உக்காராதேன்னு சொல்றேன். படிக்கும்போதே நாலு பிள்ளைக்கு வீட்டு வகுப்பு ஆரம்பிச்சிடு. மூணு வருஷம் சொல்லிக் குடுத்த அனுபவம் எந்த நேர்காணலுக்கும் உதவும். வகுப்புக் கட்டணத்தை மாச ஆரம்பத்துலயே வாங்கு. "அடுத்த வாரம் தர்றேன் டீச்சர்"னு சொல்றவங்க கடலை விலை ஏறட்டும்னு காத்திருப்பாங்க.

9. இப்ப ஃபைலுக்கு வா

• பத்தாவது, பிளஸ் டூ, பட்டம், ஆதார், சாதிச் சான்றிதழ் எல்லாத்துலயும் பேரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கா? ஒண்ணுல "எம். செல்வி", இன்னொண்ணுல "செல்வி எம்.", மூணாவதுல ரெண்டு இனிஷியல்னா இப்பவே மாத்து. அறிவிப்பு வந்த பிறகு தாலுகா ஆபீஸுக்கு ஓடாதே.

• தமிழ் வழியில படிச்சதுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒண்ணாம் வகுப்புல இருந்தே தமிழ் வழின்னு காட்டணும். படிச்ச ஒவ்வொரு பள்ளியிலயும் கல்லூரியிலயும் சான்றிதழ் வாங்கணும். ஆரம்பப் பள்ளி ஹெட்மாஸ்டர் மாறிட்டார், ரெஜிஸ்டர் கரையான் அரிச்சிடுச்சுன்னு ஆயிரம் வரும். சும்மா இருக்கிற லீவுல வாங்கி வெச்சுடு.

• வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூணு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பி. செல்லுல ரிமைண்டர் போடு. உன் பிறந்தநாளைவிட அது முக்கியம்.

• தமிழ்நாடு அரசு வேலைக்குத் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். 40 சதவீதம் எடுக்கலைன்னா மத்த தாளைத் திருத்தவே மாட்டாங்க. நமக்குத் தெரியாத தமிழான்னு அலட்சியம் வேண்டாம்.

• அசல் சான்றிதழை எந்தப் பள்ளியிலயும் குடுத்துட்டு வராதே. நான் குடுத்தேன். ஒரு தனியார் பள்ளி, "சும்மா ஃபார்மாலிட்டி டீச்சர்"னு வாங்கி வெச்சாங்க. வேற வேலைக்கு விண்ணப்பிக்கணும்னு கேட்டப்போ வருஷக் கடைசி வரைக்கும் இழுத்தடிச்சாங்க. ஜெராக்ஸ் குடு, அசலைக் காட்டு, திரும்ப ஃபைலுக்குள்ள வை.

• "ஆறு மாசத்துல மியூசிக் டிகிரி"ன்னு நோட்டீஸ் வந்தா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்தப் பல்கலைக்கழகம் யு.ஜி.சி. பட்டியல்ல இருக்கான்னு பாரு. இல்லைன்னா அந்த நோட்டீஸ்ல கடலை மடிச்சுக்கோ.

10. தொண்டை

வெந்நீர் குடி. கத்திப் பேசாதே. திருவிழா மைக்ல விடிய விடியப் பாடிட்டு மறுநாள் தேர்வுக்குப் போகாதே. காலையில நாப்பது நிமிஷம் போதும்: பத்து நிமிஷம் அகாரம், பத்து நிமிஷம் வரிசைகள் மூணு காலத்துல, மீதியில ஒரு வர்ணம். வாரத்துக்கு ஒரே நாள் நாலு மணி நேரம் பாடுறதைவிட இது எவ்வளவோ மேல். மாடு கறக்கணும், தம்பிக்கு டிபன் கட்டணும்னு சொல்லாதே. அகாரத்தை அடுப்படியிலயே பண்ணலாம், நான் அப்படித்தான் பண்ணேன். எங்க அம்மா சாம்பாருக்கு உப்பு போட மறந்துடுவாங்க, அவ்வளவுதான் நஷ்டம்.

சரி, ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு வா. செல்லை அம்மாகிட்ட குடுத்துட்டு வா. ஃபைல், ஒரு நோட்டு, ரெண்டு கலர் பேனா. முதல்ல இனிஷியலைப் பார்ப்போம், அப்புறம் பாட்டு. உனக்கு அஞ்சு கட்டையா அஞ்சரையான்னு எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு.